திருச்செந்தூர் வழியா, கன்னியாகுமரி வழியா? இருவருக்கான இரண்டு நாள் கடலோரப் பயணம்

சனிக்கிழமை விடியுமுன் கிளம்பி ஞாயிறு மதியத்துக்குள் வீடு திரும்ப வேண்டும். பைக்கோ ஸ்கூட்டரோ வண்டி ஒன்று, ஆள் இரண்டு. திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கும் தம்பதிக்கு மூன்று கடலோரப் பாதைகள் கண்ணில் படும். முதலாவது, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி போய், வள்ளியூர், நாங்குநேரி நான்குவழிச் சாலையில் திரும்புவது. இரண்டாவது, கன்னியாகுமரிக்கு மேற்கே மணக்குடி, முட்டம், குளச்சல் வரை போய் நாகர்கோவில் வழியாக வருவது. மூன்றாவது, தூத்துக்குடி, வேம்பார், சாயல்குடி, கீழக்கரை வழியாக ராமேஸ்வரம், தனுஷ்கோடி.

இந்த மூன்றில் எது என்பதைச் சீக்கிரம் முடிவு செய்துவிடலாம். முதல் பாதைதான். அதை எந்தப் பக்கமாகச் சுற்றுவது, எந்த மாதத்தில் சுற்றுவது என்பதில்தான் யோசிக்க வேண்டியது இருக்கிறது. தை மாதம் சுகமாக இருந்த அதே சாலை ஆடியில் இருவரையும் பிழிந்து எடுத்துவிடும்.

மூன்றாவது பாதையை முதலில் ஒதுக்கிவிடுவோம். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி 50 கி.மீ., அங்கிருந்து ராமநாதபுரம் 120-க்கு மேல், அப்புறம் ராமேஸ்வரம் 55, தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை இன்னொரு 20. போக 250, வர 250. பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நாளைக்கு 150 கி.மீ. வரை சுகம், 200 வரை சமாளிக்கலாம், அடுத்தடுத்த இரண்டு நாளும் 250 என்றால் பின்னால் இருப்பவருக்கு இடுப்பு கழன்றுவிடும். தூத்துக்குடியைத் தாண்டினால் உப்பளம், சீமைக்கருவேலம், பொட்டல் என்றுதான் சாலை போகிறது. கடல் தெரிவது அபூர்வம். முகுந்தராயர் சத்திரம் தாண்டிய பிறகுதான் பட்ட பாட்டுக்குப் பலன். இருபுறமும் கடல், 1964 டிசம்பர் புயலில் அழிந்துபோன ஊரின் இடிந்த தேவாலயம், 2017-ல் திறந்த அரிச்சல்முனைச் சாலை. ஆனால் சாயங்காலம் ஆனால் சோதனைச்சாவடியில் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். சனிக்கிழமை மதியம் ராமேஸ்வரம் சேர்ந்து, அறை பிடித்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் நேரம் இழுபறிதான். திங்கள்கிழமையும் லீவு கிடைத்தால் தாராளமாகப் போங்கள். இரண்டு நாளில் வேண்டாம்.

இரண்டாவது பாதையில் கடல் மிக அருகில் வரும். கோவளம், மணக்குடி, பள்ளம், ராஜாக்கமங்கலம், முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல் என்று நாற்பது கி.மீ. சொச்சம். பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் பழைய பாலத்தை 2004 சுனாமி அடித்துக்கொண்டு போனது; இப்போது இருப்பது அதன் பிறகு கட்டியது. முட்டத்தில் பாறைகளும் கலங்கரை விளக்கமும், குளச்சலில் 1741-ல் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததற்கான தூணும் உண்டு. அழகில் குறை சொல்ல முடியாது. ஓட்டுவதுதான் சிரமம். ஊர் முடிந்தால் அடுத்த ஊர், வாசல்படி இறங்கினால் சாலை, வேகத்தடைக்கு வேகத்தடை. 30 கி.மீ. வேகத்துக்கு மேல் போக வழியில்லை. நின்று பார்த்துப் போனால் இந்த நாற்பதுக்கே மூன்று மணி நேரம் பிடிக்கும். மீன் ஏற்றிய வண்டிகள் ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டே போகும். மீன் எண்ணெய் கலந்த அந்த ஈரம் தாரில் படிந்தால் மழை ஈரத்தைவிட மோசமாக வழுக்கும். துறைமுகச் சந்திப்புகளிலும் வளைவுகளிலும் அதைக் கவனிக்க வேண்டும். ஆனி, ஆடியில் இந்தப் பாதை கூடவே கூடாது. கடல் சீறிக் கரையோர ஊர்களுக்குள் தண்ணீர் ஏறும் காலம் அது. திரும்பும் வழியில் ஆரல்வாய்மொழியும் முப்பந்தலும் வேறு இருக்கின்றன. காற்றாலைகளை அங்கே நிறுத்தியிருப்பது காரணமில்லாமல் அல்ல. முதல் பாதையை ஏற்கெனவே பார்த்தவர்கள் தை, மாசியில் போகலாம்.

இனி முதல் பாதை. திருநெல்வேலி – திருச்செந்தூர் 60, திருச்செந்தூர் – கன்னியாகுமரி 90, கன்னியாகுமரி – திருநெல்வேலி 85. ஊருக்குள் பிரிந்து போய்வரும் தூரத்தையும் சேர்த்து 250 கி.மீ.க்குள் அடங்கிவிடும். முதல் நாள் 160, மறுநாள் 85. இருவர் வண்டிக்கு இதுதான் அளவு.

ஒன்றைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் ஏமாற்றம் இருக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர் இருந்தாலும் இந்தப் பகுதியில் சாலையிலிருந்து கடல் அநேகமாகத் தெரியாது. பனங்காடு, தேரி எனப்படும் செம்மணல் மேடுகள், அப்புறம் காற்றாலைகள், இவற்றுக்கு நடுவில்தான் ஓட்டம். கடலைப் பார்க்க வேண்டுமானால் இடது கைப்பக்கம் ஊருக்குள் இறங்க வேண்டும். எல்லா ஊரிலும் இறங்கினால் நாள் போதாது. மணப்பாடு, உவரி, வட்டக்கோட்டை மூன்றும் போதும். மணப்பாட்டில் கடலை ஒட்டிய மணல்மேட்டின்மேல் 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். கீழே சவேரியார் தங்கிய குகை. ஒரு பக்கம் கழிமுகம், மறுபக்கம் திறந்த கடல். இங்கே ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். உவரியில் கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயில், அந்தோணியார் கோயில், கடலோரத்திலேயே சுயம்புலிங்க சுவாமி கோயில், மூன்றும் கிட்டக்கிட்ட. வட்டக்கோட்டை கன்னியாகுமரிக்குச் சற்று முன்னால். கூடங்குளம் அணுமின் நிலையப் பகுதியில் படம் எடுக்க வண்டியை நிறுத்தாதீர்கள். காவல் கெடுபிடி அதிகம்.

இப்போது சுற்றும் திசை. திருநெல்வேலி, திருச்செந்தூர், கன்னியாகுமரி, மறுபடி திருநெல்வேலி என்று போவது வலம். முதலில் நான்குவழிச் சாலையில் கன்னியாகுமரி போய்விட்டு, கடலோரமாக மேலேறி திருச்செந்தூர் வழியாக வருவது இடம். தூரம் ஒன்றுதான். வெயிலும் காற்றும்தான் வேறு.

தை முதல் பங்குனி வரை வலமாகப் போங்கள். திருச்செந்தூர்ச் சாலை கிழக்கே போவதால் சூரியன் நேர் எதிரில் எழும்பும். ஹெல்மெட் கண்ணாடியில் கீறல் இருந்தால் எதிரில் வருவது எதுவும் தெரியாது. அதனால் 4.45, தப்பினால் 5 மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறுமுன் 6.30-க்குத் திருச்செந்தூரில் இறங்கிவிட வேண்டும். அங்கிருந்து சாலை தென்மேற்கே திரும்புகிறது. வெயில் முதுகுப் பக்கம் போய்விடும். இந்த மாதங்களில் வாடைக்காற்றும் பின்னாலிருந்து தள்ளும். மறுநாள் கன்னியாகுமரியிலிருந்து வடக்கே வரும்போதும் காலை வெயில் வலது தோளுக்குப் பின்னால்தான். இதையே இடமாகச் சுற்றினால் ஞாயிறு காலை கன்னியாகுமரியிலிருந்து உவரி வரை வெயில் நேராக முகத்தில். திருச்செந்தூரில் தாமதமாகிச் சாயங்காலம் வீடு திரும்பினால் ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்புறம் இறங்குவெயிலும் முகத்தில்.

ஆனி முதல் ஆவணி வரை கணக்கு தலைகீழ். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் மேல்காற்று, கடற்கரைக்காரர்கள் கச்சான் என்பார்களே அதுதான், ராதாபுரம், கூடங்குளம் வட்டாரத்தைக் கடந்து கடலுக்குள் இறங்குகிறது. பத்து மணிக்கு மேல் வலுத்துச் சாயங்காலம் வரை விடாது. வலமாகப் போகிறவர்கள் உவரியிலிருந்து கன்னியாகுமரி வரை 50 கி.மீ.யை நடுப்பகலில், இந்தக் காற்றை எதிர்த்தும் வலப்பக்கத்தில் வாங்கிக்கொண்டும் ஓட்ட வேண்டும். கையும் கழுத்தும் ஓய்ந்துபோகும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். அதனால் இந்த மாதங்களில் இடமாகப் போவதே சரி. காற்று அடங்கியிருக்கும் நேரத்தில் வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு தாண்டி 7 மணிக்குள் கன்னியாகுமரி. மறுநாள் கடலோரமாக வரும்போது காற்று இடப்பக்கமும் பின்னாலும். காலை வெயில் மட்டும் எதிரில் படும். அதற்குக் கறுப்புக் கண்ணாடி இருக்கிறது, காற்றுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

அந்தக் காற்றில் ஓட்டும் விதத்தையும் சொல்ல வேண்டும். வேகம் 55, 60-க்கு மேல் வேண்டாம். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் உடம்பு வாங்கும் ஆட்டம் அப்படியே ஹேண்டில்பாருக்குப் போகும். முழங்கையைத் தளர்த்தி, தொடைகளால் டேங்கைப் பிடியுங்கள். பின்னால் இருப்பவர் ஒட்டி உட்கார வேண்டும். இருவருக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் காற்று அங்கே புகுந்து தள்ளும். லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று நின்றுவிடும். லாரியின் முகப்பைத் தாண்டிய நொடியில் மொத்தமாக வந்து அறையும். மேம்பாலத்துச் சுவர் முடியும் இடத்திலும் அப்படியே. அந்த இடங்களுக்கு முன்னாலேயே பக்கவாட்டில் அரை ஆள் அகலம் இடம் விட்டு ஓட்டுங்கள்.

அதே காலத்தில் பெரியதாழை, உவரி வட்டாரத்தில் மணல் சாலையில் ஏறும். ஓரத்தில் குவிந்து கிடக்கும் மணலைக் கண் பார்த்துவிடும், அதனால் ஆபத்து இல்லை. தாரின்மேல் மெல்லிசாகப் படர்ந்திருப்பதுதான் கவிழ்க்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தாரின் கறுப்பு கொஞ்சம் மங்கி, செந்தூள் நெளிநெளியாகச் சாலையின் குறுக்கே ஊர்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்ததும், அதன்மேல் ஏறுவதற்கு முன்னாலேயே, வேகத்தை 25, 30-க்குக் குறைத்துவிடுங்கள். மணல்மேல் போகும்போது முன் பிரேக்கைத் தொடக் கூடாது. வண்டியைச் சாய்க்காமல், ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்து நேராகத் தாண்டுங்கள். பின்னால் இருப்பவர் பதறிக் காலை ஊன்றப் போனால்தான் விழுவது நிச்சயம்.

சித்திரை, வைகாசியில் எந்தப் பக்கம் போனாலும் காலை 10.30-க்குள் ஓட்டத்தை முடித்து, 4 மணிக்கு மேல் தொடருங்கள். தேரி மணல் வெயிலை வாங்கித் திருப்பி அடிக்கும். பதநீர் கிடைப்பது மட்டும் அந்தக் காலத்தின் லாபம். உடன்குடி சுற்றுவட்டாரத்தில் காலையில் இறக்கியதை ஓலைப்பட்டையில் ஊற்றித் தருவார்கள். வெயில் ஏறினால் புளிக்கத் தொடங்கும், எட்டு மணிக்குமுன் குடிப்பதே ருசி. உடன்குடி கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வாங்குவதாக இருந்தால் வண்டியில் அடிப்பக்கம் வைக்காதீர்கள், சைலன்ஸர் சூட்டில் இளகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முற்பாதியில் திட்டம் போடாமல் இருப்பதே நல்லது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம், ஏரல் வட்டாரம் துண்டிக்கப்பட்டது. அவ்வளவு மழை ஒவ்வொரு வருஷமும் வராது. ஆனால் சாதாரண மழைக்கே வயல் நடுவில் போகும் இந்தச் சாலையில் குழிகள் தண்ணீருக்கடியில் மறைந்துவிடும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். கந்த சஷ்டி, தைப்பூசம், வைகாசி விசாகம், பௌர்ணமி நாட்களில் திருச்செந்தூரில் வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்காது. குலசேகரன்பட்டினம் தசராவின் கடைசி நாட்களும், மணப்பாட்டில் செப்டம்பர் 14 திருவிழாவும் அப்படியே. மார்கழி, தை மாதங்களில் இருட்டில் பாதயாத்திரை பக்தர்கள் சாலையோரம் நடந்து வருவார்கள். பலரிடம் ஒளிரும் பட்டை இருக்காது. விடியுமுன் 40-க்கு மேல் ஓட்டாதீர்கள். சனி, ஞாயிறில் திருச்செந்தூர் தரிசனத்துக்குப் பல மணி நேரம் நிற்க நேரிடலாம். தரிசனம்தான் நோக்கம் என்றால் வெள்ளி இரவே அங்கே போய்த் தங்கிவிடுங்கள். இல்லையென்றால் வழியிலுள்ள கிருஷ்ணாபுரம் சிற்பங்களையோ ஆழ்வார்திருநகரியையோ பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போவது நிம்மதி.

எந்த வண்டி? 100, 125 சிசி பைக் இந்தத் தூரத்துக்குத் தாராளமாகப் போதும். ஸ்ப்ளெண்டர் 112 கிலோதான். மணலில் நின்றுபோனாலும் இருவர் சேர்ந்து தள்ளிவிடலாம், 9.8 லிட்டர் டேங்க் ஒருமுறை நிரப்பினால் வீடு வரும். குறை, காற்றில் லேசாக அலையும். நான்குவழிச் சாலையில் பேருந்து முந்தும்போது ஆடும். கிளாசிக் 350 போன்ற 195 கிலோ வண்டிக்கு அந்த ஆட்டம் குறைவு, பின்சீட்டும் சுகம். ஆனால் மணப்பாட்டு மணலில் சைடு ஸ்டாண்ட் புதைந்தால் தூக்கி நிறுத்துவது பெரும்பாடு. ஒரு தட்டையான கல்லையோ டப்பா மூடியையோ ஸ்டாண்டுக்கு அடியில் வையுங்கள். கம்பி வீல் என்றால் டியூப் டயர். உடைமுள் குத்தினால் வீலைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இருவர் வண்டிக்கு 150, 160 சிசி, அலாய் வீல், டியூப்லெஸ் டயர் என்பதே எங்கள் தேர்வு. ஸ்கூட்டரை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். இருவரும் மாற்றி மாற்றி ஓட்டலாம் என்பது பெரிய வசதி. பின்பக்கம் 10 அங்குல வீல் என்பதால் குழியில் அதிகம் குலுங்கும், மணலில் சீக்கிரம் வழுக்கும். ஆடிக்காற்றில் மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆக்டிவாவின் டேங்க் 5.3 லிட்டர். திருச்செந்தூரில் நிரப்புங்கள், கன்னியாகுமரியில் மறுபடி நிரப்புங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் டயருக்குக் காற்று அடிக்கும்போது, இருவர் ஏறுவதற்கான அளவைக் கேட்டு அடிக்க வேண்டும். ஆக்டிவாவுக்குப் பின் டயரில் தனியாளுக்கு 29 psi என்றால் இருவருக்கு 36. மற்ற வண்டிகளுக்குச் செயின் கவர் பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும். இதை விட்டுவிட்டால் டயரின் ஓரம் நசுங்கிச் சூடேறும், வளைவில் வண்டி மிதக்கிற மாதிரி இருக்கும். பின் ஷாக் அப்சார்பரை இரண்டு படி இறுக்குங்கள். அப்புறம் இருவரும் உட்கார்ந்து ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துப் பாருங்கள். பின்பாரத்தில் முன்பக்கம் தூக்கி வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடித்தால் ஒரு துளி கீழே இறக்குங்கள். செயின் தளர்ச்சி பெரும்பாலான வண்டிகளுக்கு 25, 30 மி.மீ. தனியாளாக இருக்கும்போது விறைப்பாக வைத்த செயின் இருவர் ஏறியதும் இன்னும் இறுகி ஸ்ப்ராக்கெட்டைத் தின்னும்.

பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்; இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். ஒருபக்கமாக உட்கார்ந்து போவது இந்தப் பாதைக்கு ஒத்துவராது. பக்கக்காற்றில் எடை ஒரு பக்கம் இருந்தால் ஓட்டுபவர் வழி நெடுக எதிர்ப்பக்கம் சாய்ந்தே ஓட்ட வேண்டும். சுடிதார், துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிச்சு. நுனி தொங்கினால் பின் சக்கரம் இழுத்துக்கொள்ளும். 45 நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நில்லுங்கள். “வலிக்கல, போங்க” என்று சொன்னாலும் நிறுத்துங்கள். வலி தெரிந்து சொல்லும்போது நேரம் கடந்திருக்கும். காற்றில் பேச்சு கேட்காது. தோளில் ஒரு தட்டு மெதுவாக, இரண்டு தட்டு நிறுத்து என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குக் கழிப்பறை என்றால் பெட்ரோல் பங்க்தான் நம்பகம். பெட்ரோல் தேவையில்லாவிட்டாலும் நுழைந்து கேட்கலாம்.

தங்குவதற்குக் கன்னியாகுமரிதான், மணப்பாடு, உவரியில் நம்பிப் போகுமளவுக்கு விடுதி வசதி கிடையாது. இருவரின் ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும், புதிதாகக் கல்யாணமானவர்களை லாட்ஜில் கட்டாயம் கேட்பார்கள். விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம், இவற்றுக்கு ஞாயிறு காலை முதல் படகுக்கே வரிசையில் நின்றுவிடுங்கள். வலமாக வருபவர்கள் 11 மணிக்குள் ஊரைவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் திருநெல்வேலி. இடமாகச் சுற்றுபவர்கள் சனிக்கிழமையே படகை முடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலையில் கடற்கரை ஊர்களில் எல்லோரும் பூசைக்குப் போயிருப்பார்கள், பட்டறை திறந்திருக்காது. பஞ்சர் கிட், சின்ன பம்ப், ஸ்பார்க் பிளக் ஒன்று, கிளட்ச் கேபிள் ஒன்று பையில் இருக்கட்டும். பெரிய கோளாறு என்றால் உவரியிலிருந்து உள்ளே திசையன்விளைக்குப் போங்கள், 10 கி.மீ. அளவு, பெரிய ஊர்.

வீடு வந்த அன்றைக்கே வண்டியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், மறுநாளுக்குத் தள்ள வேண்டாம். உப்புக்காற்று செயினிலும் சைலன்ஸர் இணைப்பிலும் ஸ்போக்ஸ் முனைகளிலும் ஓரிரு நாளில் துருவைக் கிளப்பிவிடும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் குடிதண்ணீர் இரண்டு பக்கெட் செலவழித்தாலும் தப்பில்லை. செயினை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து மணலை எடுத்து, துணியால் ஒற்றி, காய்ந்த பிறகு செயின் ஸ்ப்ரே அடியுங்கள். மணல் போகாமல் எண்ணெய் விட்டால் அது அரைக்கும் கூழாகி, மாதக்கணக்கில் தேய வேண்டிய செயினைச் சில வாரங்களில் தீர்த்துவிடும். பின் ஷாக் அப்சார்பரையும் டயர் காற்றையும் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். தேரிச் செம்மண் உள்ளே படிந்திருந்தால் மெக்கானிக்கிடம் காட்டி மாற்றிவிடுங்கள்.